பர்ஸில் இருக்கும் கார்டிலிருந்தே பணத்தைத் திருட முடியுமா?

பக்கத்தில் நிற்பவர் கருவியை வைத்தே உங்கள் கார்டைக் காலி செய்துவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாததல்ல, ஆனால் திருடனுக்கு அது சிரமமான வழி. கார்டைக் கருவியில் தட்டிப் பணம் செலுத்த உதவும் என்எஃப்சி என்ற குறுந்தூர ரேடியோ அலை சில சென்டிமீட்டர்தான் எட்டும். ஒவ்வொரு முறையும் சிப் புதுக் குறியீடு உருவாக்குவதால், ஒட்டுக்கேட்டதை வைத்து மறுபடி தட்டிப் பணம் எடுக்க முடியாது. சிக்னலைத் தடுக்கும் பர்ஸுக்குச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

உண்மையான ஆபத்து போனில் வருகிறது. "வங்கியிலிருந்து பேசுகிறோம், இந்த ஆப்பை நிறுவி, கார்டைப் போனின் பின்புறம் ஒட்டி வைத்து, பின் நம்பரை அடியுங்கள்" என்பார்கள் மோசடிக்காரர்கள். அந்த ஆப் கார்டின் சிக்னலை அப்படியே அவர்கள் போனுக்கு அனுப்பும். அங்கே ஒருவன் ஏடிஎம்மில் அதைத் தட்டிப் பணம் எடுப்பான். எந்த வங்கியும் இப்படிக் கேட்காது. பேச்சை வளர்க்காமல் வைத்துவிடுங்கள்.

கடையில் கார்டைக் கையில் கொடுக்காமல், திரையில் தொகையைப் பார்த்துவிட்டு நீங்களே தட்டுங்கள். வங்கி ஆப்பில் வசதி இருந்தால் தட்டிச் செலுத்தும் தொகை வரம்பைக் குறையுங்கள், எஸ்எம்எஸ் அறிவிப்பை வையுங்கள். அப்புறம், கார்டு தொலைந்தால் உடனே முடக்குங்கள். ஏனென்றால், தட்டும்போது சிறு தொகைக்குப் பெரும்பாலும் பின் நம்பர் கேட்காது.