ஆவணப்பட வரலாறா, பழைய அனிமேஷன் வரலாறா: ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

அனிமேஷன் புத்தகத்தையே வாங்குங்கள், ஆவணப்படம் எடுப்பதுதான் ஆசை என்றாலும். வீட்டில் யாரோ "கார்ட்டூனைப் படிச்சு என்ன பண்ணப் போற" என்று கேட்டிருப்பார்கள். குடியாத்தத்தில் என் மாமா நாலு பேர் முன்னால் என்னைக் கேட்டார், இன்னும் ஆறவில்லை.

டிஸ்னி ஓவியர்கள் பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் எழுதி 1981ல் வந்த 'தி இல்யூஷன் ஆஃப் லைஃப்' எனக்குப் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. அதில் 12 விதிகள் உண்டு. ஒன்று, எந்த அசைவுக்கும் முன்னால் உடம்பு கொஞ்சம் எதிர்ப்பக்கம் போகும், குதிக்கிறவன் முதலில் குனிகிற மாதிரி. அதைப் படித்த ராத்திரி அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற கைதான், ஆனால் இலையில் தூளை வைத்து உருட்டுவதற்கு முன் கட்டைவிரல் ஒரு நூலளவு பின்னால் போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "இன்னாடா, கையையே பாக்கற?" என்றார். பிறகு அம்மாவைப் படம் எடுத்தபோது கேமராவை முறத்துக்குப் பக்கத்தில் தரையில்தான் வைத்தேன்.

ஆவணப்படக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், அந்த வரலாறு தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. காந்தி பற்றிய ஆவணப்படத்தை 1940ல் கொண்டுவந்த ஏ.கே. செட்டியார், அதற்காக அலைந்ததை 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறார், நூலகத்தில் தேடிப் படியுங்கள். காசு கொடுத்து வாங்குவது மட்டும் அனிமேஷனாக இருக்கட்டும். 1915ல் லூசிட்டானியா கப்பல் மூழ்கியதை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை, அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் வின்சர் மெக்கே அதை ஆயிரக்கணக்கான படங்களாக வரைந்து 1918ல் வெளியிட்டார். இதைப் படித்திராவிட்டால் என் படம் பாதியில் நின்றிருக்கும்.

ஏனென்றால் பீடியைக் கொண்டுபோய்ப் போடுகிற இடத்தில் கேமராவை விடவில்லை. அங்கே கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் கழிவு என்று ஒதுக்குவார்கள். ஒதுக்கினதுக்குக் கூலி கிடையாது, சரி, அந்தப் பீடியையாவது திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அதையும் அவர்களே வைத்துக்கொள்வார்கள். கண் எரிய ராத்திரி உட்கார்ந்து சுற்றியது அது. இதைக் கேட்க ஆள் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை நொடிக்கு 12 வீதம் 720 தாளில் வரைந்தேன். அம்மா படம் முழுக்கப் பேசாமல் பார்த்துவிட்டு, அந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். ஏழு கட்டு ஒதுக்குவதாக வரைந்திருந்தேன். அன்றைக்குப் போனது எட்டு என்றார்.