பிழைக்கு விலை கொடுக்கும் முன்

கேள்வி: தபால்தலைக் கண்காட்சி ஒன்றில், நடுவே துளையே போடாமல் ஒட்டியபடி இருந்த ஒரு ஜோடித் தபால்தலையைப் பார்த்தேன். “அச்சுப் பிழை சார், கிடைக்கவே கிடைக்காது, எட்டாயிரம்” என்றார் கடைக்காரர். பில் கேட்டால், “ஸ்டாம்புக்கு யார் சார் பில் போடுறாங்க?” என்கிறார். வாங்கலாமா?
– வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: ஜோடியாகக் காட்டினாரே, அதுவரை சரி. துளையில்லாத ஒற்றைத் தலையை யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். ஓரம் அகலமாக விழுந்த சாதாரணத் தலையின் பற்களைக் கத்தரித்துவிட்டால் அதுவும் அப்படித்தான் இருக்கும். இரண்டு தலைகளுக்கு நடுவில் அந்தக் கத்தரி வேலை நடக்காது.

ஆனால் ஜோடியிலும் ஏமாற இடமுண்டு. துளைபோடும் இயந்திரத்தின் ஊசி மழுங்கியிருந்தால் தாளை அழுத்திவிட்டுப் போய்விடும், ஓட்டை விழாது. அவசரத்தில் பார்த்தால் துளை இல்லாதது போலவே தெரியும். ஜோடியைத் திருப்பி, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, செல்போன் டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடியுங்கள். நடுக்கோட்டில் மணல்மணலாகச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால், ஊசி பட்டிருக்கிறது என்று பொருள். அது முழுப் பிழை ஆகாது. விலையும் அந்த அளவுக்குப் போகாது. அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள் வெளியே கசிந்து வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். தபால் நிலையக் கவுன்டரில் விற்ற தாளில் தப்பிவந்த பிழைக்குத்தான் மதிப்பு.

நான் பட்டதைச் சொல்கிறேன். 1971இல் வங்கதேச அகதிகளுக்காகக் கடிதங்களுக்குக் கூடுதலாக 5 பைசா வசூலித்தார்கள். அதற்கென்று தனித் தலை வரும்வரை, புழக்கத்திலிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு 5 பைசாத் தலையின் மேல் ‘ரெஃப்யூஜி ரிலீஃப்’ என்று அச்சடித்து விற்றார்கள். நாசிக் அச்சகத்தில் அடித்தது போக, பல ஊர்களில் உள்ளூரிலேயே அடித்ததும் உண்டு. உள்ளூர் அச்சு என்பதால் ஊருக்கு ஊர் எழுத்து வேறு. போலி செய்பவர்களுக்கு அதுவே வசதியாகப் போயிற்று. அந்த எழுத்து தலைகீழாக விழுந்த ஒன்றை, எழும்பூரில் ஒரு வியாபாரியிடம் ஆசையோடு வாங்கினேன். வீட்டுக்கு வந்து லென்ஸை வைத்துப் பார்த்தால், தபால் முத்திரையின் கறுப்பு வளையம் அடியில் இருக்கிறது, ‘ரிலீஃப்’ எழுத்து அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு யாரோ குத்திய எழுத்து அது. பில் இல்லை; திரும்பிப் போய்க் கேட்கவும் வழியில்லை. அந்தத் தலையை இன்னும் வைத்திருக்கிறேன், புதிதாகச் சேர்க்க வருகிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக.

அதனால்தான் பில்லில் நான் இத்தனை பிடிவாதமாக இருக்கிறேன். விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் ‘ஸ்டாம்ப் 2’ என்று கிறுக்கினால் போதாது. எந்த ஆண்டுத் தலை, என்ன பிழை, நிபுணர் போலி என்று சொன்னால் பணம் திரும்பத் தரப்படும் என்பதுவரை எழுதி வாங்குங்கள். எழுதமாட்டேன் என்றால் ஜோடியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எட்டாயிரம் சின்னப் பணமில்லை. தலை அசல் என்று நிபுணர் தந்த சான்றிதழைக் காட்டினால் அதிலுள்ள படத்தையும் கையிலுள்ள தலையையும் பல் பல்லாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு தலையின் சான்றிதழைச் சேர்த்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சென்னையில் 1956 முதல் சௌத் இந்தியா பிலாடெலிஸ்ட்ஸ் அசோசியேஷன் என்ற தபால்தலை சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. அங்குள்ள மூத்த சேகரிப்பாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: தாத்தா நாகர்கோவில்காரர். அவர் விட்டுப்போன ஆல்பத்தில் சங்கு போட்ட தலைகள் நிறைய. சிலவற்றில் மேலே அடித்த எழுத்து தலைகீழாக இருக்கிறது. மொத்தமாக மூவாயிரத்துக்குக் கேட்கிறார் ஒருவர்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: கொடுத்துவிடாதீர்கள் அம்மா, முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அவை திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள். 1888இல், ‘சக்கரம்’ என்ற அந்தச் சமஸ்தான நாணயக் கணக்கில் வெளிவரத் தொடங்கியவை. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பின்னாளில் காசுக் கணக்கில் புது விலையை மேலே அடித்தார்கள், அரசு உபயோகத்துக்கு ‘ஆன் எஸ் எஸ்’ என்று அடித்தார்கள். அந்த மேலச்சுகளில் தலைகீழ், இரட்டை அச்சு என்று பிழைகள் வந்தன. எல்லாமே விலை போகும் என்று சொல்லமாட்டேன். சில சில்லறைதான், சிலவற்றுக்கு நல்ல விலை உண்டு. ஸ்டான்லி கிப்பன்ஸ் என்ற தபால்தலை நிறுவனத்தின் விலைப்பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேடுங்கள். அதிலுள்ளது கடை விற்கும் விலை என்பதால், உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆல்பத்தில் பழைய கடித உறைகள் இருந்தால், தலையை நனைத்துப் பிரித்துவிடாதீர்கள். நாகர்கோவில், தக்கலை என்று அஞ்சலாபீஸ் முத்திரை விழுந்த முழு உறைக்குத் தனி மதிப்பு. தலைகளை விரலால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பசை இளகிப் பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், துருப் போலப் பழுப்புப் புள்ளி விழும். ஆல்பத்தை நிமிர்த்தி வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கேள்வி: மஞ்சள் நிறம் விடுபட்ட தலை என்று ஆன்லைனில் வாங்கினேன். வெயிலில் வெளுத்தது என்கிறார் நண்பர். விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கிறார்.
– வாசகர், தாம்பரம்

பதில்: நண்பர் சொன்னதைச் சோதித்துவிடலாம். லென்ஸில் பாருங்கள், நிறம் விடுபட்டிருந்தால் மஞ்சள் புள்ளி ஒன்றுகூட இருக்காது, வெளுத்ததென்றால் எங்காவது ஓரத்தில் மங்கலாக மிச்சமிருக்கும். மற்ற நிறங்களும் சோர்ந்திருந்தால் வெயிலோ ரசாயனமோ வேலை செய்திருக்கிறது.

விளம்பரப் பக்கத்தையும் அரட்டையையும் இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், நாளை அழித்துவிடுவார். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பிறகு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, கெடு இரண்டு ஆண்டு. விற்றவர் வியாபாரியாக இருக்க வேண்டும். தன் சேகரிப்பிலிருந்து ஒரே ஒரு தலையை விற்ற தனிநபர்மேல் இந்தச் சட்டம் பாயாது. மறுபடி விற்று லாபம் பார்க்க வாங்கியவரையும் நுகர்வோர் என்று சட்டம் ஏற்காது. நீங்கள் சேகரிப்புக்காக வாங்கியிருந்தால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.