பிரவுசர் மட்டும் ஓடினால் போதும்: பழைய கணினிக்காரர்களுக்குக் கேள்வி பதில்

பழைய லேப்டாப்பை நெட் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ள எந்த ஓஎஸ் (இயங்குதளம்) நல்லது, எது சீக்கிரம் ஆன் ஆகும் என்று வந்த கேள்விகளுக்குப் பதில்கள். கேட்பவர்கள் மூன்று விஷயம் சொல்லுங்கள்: ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, பிராசஸர் 32 பிட்டா 64 பிட்டா. இது தெரியாமல் நான் சொல்வது குருட்டு வைத்தியமாகிவிடும்.

செல்வி, கரூர்: 2012-ல் வாங்கின லேப்டாப் சார். 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க், 64 பிட். விண்டோஸ் 10 ஆன் ஆகி குரோம் திறக்க நாலு நிமிஷம் ஆகுது. மெயில், யூடியூப், செய்தி, அவ்வளவுதான் வேலை. எதைப் போடலாம்?

ஓஎஸ்ஸைத் தொடுவதற்கு முன் டிஸ்க்கை மாற்றுங்கள். பூட் ஆகும்போது, அதாவது ஆன் ஆகித் தயாராகும்போது, கணினி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிக்கிறது. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொன்றுக்கும் தட்டு சுற்றி வரவேண்டும், முனை நகரவேண்டும். ஒரு தடவைக்கு 10 மில்லி விநாடிக்கு மேல் போகும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அது ஒரு மில்லி விநாடியில் சிறு பங்குதான். உங்கள் லேப்டாப்பில் அநேகமாக இருப்பது 2.5 அங்குல சாட்டா டிஸ்க். அந்த இடத்தில் 240 ஜிபி எஸ்எஸ்டி அப்படியே உட்காரும்.

போன மாதம் இதே மாதிரி ஒன்றைப் பிரித்தேன். பழைய டிஸ்க்கோடு, டெஸ்க்டாப் வந்து இரண்டு நிமிடம் ஆனபிறகும் டிஸ்க் விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. எஸ்எஸ்டி மாட்டி, டெபியன் என்ற இலவச லினக்ஸ் ஓஎஸ்ஸை எல்எக்ஸ்கியூடி என்ற லேசான டெஸ்க்டாப்போடு போட்டு, செல்போனில் நேரம் பார்த்தேன். பயோஸ் லோகோவுக்கு 9 விநாடி, எந்த ஓஎஸ்ஸைத் தொடங்க என்று கேட்கும் குரப் மெனுவில் 5, டெஸ்க்டாப் வர 14, ஃபயர்ஃபாக்ஸ் திறக்க 4. அந்த 5 விநாடி வெறும் காத்திருப்பு. குரப் அமைப்பில் டைம்அவுட் எண்ணை 1 ஆக்கினால் அதில் 4 விநாடி போய்விடும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, அதனால் எப்படியும் மாறத்தான் வேண்டும். உங்களுக்கு டெபியன் 13 அல்லது லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ். மாற்றுவதற்கு முன் போட்டோக்களை வேறு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இதை ஒவ்வொருவருக்கும் சொல்வேன்.

இளங்கோ: ஏட்டம் நெட்புக், 1 ஜிபி ரேம். எந்த லினக்ஸ்ல வேகமா ஓடும் அண்ணா?

பிராசஸர் எண்ணைப் பாருங்கள். என்270 என்றால் 32 பிட் மட்டும். என்450 என்றால் 64 பிட்டும் ஓடும். 32 பிட்டுக்கு ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் இன்னும் நன்றாக பூட் ஆகும், டெஸ்க்டாப்பும் லேசாக இருக்கும். சிக்கல் பிரவுசரில். 32 பிட் லினக்ஸுக்கு குரோம் 2016-லேயே நின்றுவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 145-லிருந்து கிடையாது. 140-இன் நீண்டகாலப் பதிப்புக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரை ஆதரவு என்று அறிவித்தார்கள். டெபியன் 13-ல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. ஜிமெயில் ஒரு டேப்பே சில நூறு எம்பி தின்னும் காலம் இது. அந்த நெட்புக்குக்குக் காசு செலவழிக்காதீர்கள் தம்பி.

பெயர் சொல்லாதவர்: ரொம்ப வேகமா பூட் ஆகுற ஓஎஸ் எது?

கரூர் செல்விக்குச் சொன்ன பதில்தான்.

மரகதம், தஞ்சாவூர்: அப்பாவுக்கு 70 வயசு. அவர் எதையும் கெடுத்துக்காம இருக்கிற மாதிரி ஒண்ணு வேணும். குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் சரியா வருமா?

அப்பாவுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. நெவர்வேர் என்ற நிறுவனத்தின் கிளவுட்ரெடியை கூகுள் 2020 டிசம்பரில் வாங்கி, 2022-ல் இந்தப் பெயரில் இலவசமாகக் கொடுத்தது. 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி, 4 ஜிபி ரேம், 16 ஜிபி இடம் இருந்தால் போதும். அப்டேட் பின்னணியில் தானாக நடக்கும், அப்பா எதையும் அழுத்த வேண்டாம். ஆனால் பிளே ஸ்டோர் கிடையாது, போன் ஆப்கள் ஓடாது. விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது, நிறுவும்போது டிஸ்க் முழுவதும் அழியும். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டி வைஃபை, சத்தம், டச்பேடு மூன்றையும் பாருங்கள். நகல் எடுத்தாயிற்றா?

கதிர்: நீங்க பப்பி லினக்ஸைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. முழுசா ரேம்ல ஓடும். இதைவிட வேகமா எது இருக்கு?

பப்பி மேல் எனக்கு மரியாதை உண்டு. பேரி காலர் 2003-ல் தொடங்கியது. டிஸ்க் செத்த எத்தனையோ கணினிகளிலிருந்து அதை வைத்து போட்டோக்களை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பப்பியின் 400 எம்பி கோப்பை யூஎஸ்பி 2 பென் டிரைவிலிருந்து விநாடிக்கு 25 எம்பி வீதம் ரேமில் ஏற்ற 16 விநாடி ஆகும். எஸ்எஸ்டியில் டெபியன் அதற்குள் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடுகிறது. அதோடு பப்பியில் நீங்கள் எப்போதும் ரூட், அதாவது எதையும் மாற்ற முழு அதிகாரம் உள்ள பயனர். தினமும் நெட் பார்க்கும் கணினியில் அதை நான் ஏற்கமாட்டேன்.

கதிர்: பிரவுசர் ஸ்பாட்ங்கிற அதிகாரம் குறைஞ்ச தனிப் பயனராத்தானே ஓடுது? ஆஃப் பண்ணினா எல்லாம் போயிடும். அப்புறம் வைரஸ் எங்கே தங்கும்?

ஸ்பாட் பற்றி நீங்கள் சொல்வது சரி, இப்போதைய பப்பிகளில் அப்படித்தான். நான் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் டவுன்லோடு செய்த கோப்பை டெஸ்க்டாப்பிலிருந்து திறந்தால் அது ரூட்டாகத்தான் திறக்கிறது. உள்ளே இருக்கும் டிஸ்க்கை மவுன்ட் செய்ய, அதாவது இணைத்துத் திறக்க, பாஸ்வேர்டு கேட்காது. ஆஃப் செய்தால் ரேம் காலியாகும், டிஸ்க்கில் எழுதியது அப்படியே இருக்கும்.

நசீர்: ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு பென் டிரைவ்ல மட்டும் ஓட்டினா?

அப்படியென்றால் கதிர் பக்கம்தான் நியாயம். மாற்றங்களைச் சேமிக்கும் சேவ் கோப்பு எதுவும் வைக்காமல், பூட் ஆனதும் பென் டிரைவையும் உருவிவிட்டால், எழுதுவதற்கு இடமே இல்லை. ஆனால் பிரவுசரின் பாதுகாப்புத் திருத்தங்களும் தங்காது. ஆறு மாதம் முன்பு பென் டிரைவில் எழுதிய ஐஎஸ்ஓவில் (ஓஎஸ் முழுவதும் அடங்கிய கோப்பு) ஆறு மாதப் பழைய பிரவுசர்தான் இருக்கும். அதில் பேங்க் வேலை செய்யாதீர்கள். இந்த விவாதம் இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஜெயந்தி: டைனி கோர் லினக்ஸ் போட்டேன், 23 எம்பிதான், பிரமாதம். ஆனா தமிழ் தளமெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியுது.

எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். அளவைக் குறைக்க முதலில் வெட்டுவது நம் மாதிரி மொழிகளின் எழுத்துருக்களைத்தான், எனக்கு இதில் வருத்தம் உண்டு. லோஹித் தமிழ் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை ஹோம் கோப்புறைக்குள் எழுத்துருக்களுக்கான இடத்தில் போட்டு, பிரவுசரை மூடித் திறங்கள். தட்டச்சுக்கு ஐபஸ் என்ற மென்பொருள், அதோடு எம்17என் என்ற துணைத் தொகுப்பு. அதில் தமிழ்99 விசைப்பலகை இருக்கும். டெபியன், லுபுண்டுவில் இதெல்லாம் இரண்டு நிமிட வேலை.

பிரபு: விண்டோஸ் 10 லைட்னு ஒரு ஐஎஸ்ஓ கிடைக்குது. வைரஸ் தடுக்கிற டிஃபெண்டர், அப்டேட் எல்லாம் எடுத்துட்டாங்களாம், பறக்குதாம்.

வேண்டாம். டிஃபெண்டரை எடுத்தவர் கூட எதைச் சேர்த்தார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதில் நெட் பேங்கிங் பாஸ்வேர்டு தட்டுவது, முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது.

முருகன்: 2 ஜிபி ரேம், எது பெஸ்ட்?

டிஸ்க், பிட் இரண்டையும் சொல்லவில்லை. இதே கேள்வி இது ஐந்தாவது. 64 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ், எஸ்எஸ்டி, விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சி, ஒரே நேரத்தில் மூன்று டேப்.

ஹேமா: லினக்ஸ் போட்டதிலிருந்து எந்தத் தளம் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருது.

கணினியில் தேதி என்ன காட்டுகிறது? பல வருடம் பின்னால் இருந்தால் மதர்போர்டு பேட்டரி செத்துவிட்டது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று பிரவுசர் நினைக்கிறது. இப்போதைக்குத் தேதியைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரிதான், கழற்றிப் பார்த்து அதே எண்ணில் வாங்கி மாற்றுங்கள்.

தினேஷ்: யூடியூப் மட்டும் விக்கி விக்கி ஓடுது.

யூடியூப் வீடியோவை விபி9, ஏவி1 வடிவில் அனுப்புகிறது. பழைய கிராபிக்ஸ் சிப்புக்கு எச்.264 மட்டும்தான் தெரியும், மிச்சப் பாரம் பிராசஸர் தலையில். எச்.264 வடிவையே கேட்டு வாங்கும் எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டு, 720பி-யில் பாருங்கள்.

சங்கர்: பிரின்டர் வேலை செய்யுமா?

பிரின்டர் எனக்குப் பழக்கமில்லை. மாடல் எண்ணோடு, தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

செல்வி, கரூர்: எஸ்எஸ்டி மாட்டி டெபியன் போட்டாச்சு சார்! 26 விநாடி. இன்னும் குறைக்க முடியுமா?

மிக்க மகிழ்ச்சி அம்மா. டெர்மினலில் சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம் கட்டளை கொடுத்தால் எந்த சர்வீஸ் எவ்வளவு நேரம் எடுத்தது என்று வரிசையாக வரும். நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன் மேலே இருந்தால் அதை நிறுத்துங்கள், உங்கள் வேலைக்கு அது தேவையில்லை. அதைவிட, ஷட்டவுன் செய்வதை விட்டு மூடியை மட்டும் மூடுங்கள். சஸ்பெண்ட் என்ற உறக்க நிலையிலிருந்து மூன்று விநாடியில், விட்ட இடத்தில் அதே டேப்போடு எழுந்துவிடும். ராத்திரி முழுக்க மூடி வைத்து, காலையில் பேட்டரி எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் பேட்டரியைப் பார்ப்போம்.