பரோயே தீவுகள் கால்பந்து அணி ஜெயிப்பதெல்லாம் அதிர்ஷ்டமா, இல்லை நிஜமாகவே நல்ல அணியா?

கேட்டவர் மூன்று விஷயம் கேட்டிருக்கிறார். டென்மார்க்கின் கீழ் இருக்கும் பரோயே தீவுகளுக்கு எப்படித் தனி அணி? அதில் ஆடுவது யார்? அவ்வப்போது பெரிய நாடுகளை அவர்கள் தோற்கடிப்பது குருட்டு அதிர்ஷ்டமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் அதிர்ஷ்டமும் இருந்தது. இப்போது இல்லை.

நான் இந்த அணியிடம் மாட்டிக்கொண்டது 2014 நவம்பரில். தூக்கம் வராமல் நள்ளிரவு தாண்டி போனில் ஸ்கோர் ஆப்பைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கிரீஸ் 0, பரோயே தீவுகள் 1 என்று காட்டியது. ஆட்டம் நடப்பதோ கிரீஸில். ஆப்தான் குழம்பிவிட்டது என்று மூடித் திறந்தேன். அதே ஸ்கோர். 61வது நிமிடத்தில் யோவன் சீமுன் எட்மண்ட்சன் என்பவர் கோல் போட்டிருந்தார். அந்தச் சமயத்தில் உலகத் தரவரிசையில் கிரீஸ் 18வது இடம், பரோயே 187வது இடம். ஆட்டம் அப்படியே முடிந்தது. மறுநாள் கிரீஸ் பயிற்சியாளர் கிளாடியோ ரனியெரியின் வேலை போயிற்று. இதே ரனியெரிதான் ஒன்றரை வருடம் கழித்து லெஸ்டர் சிட்டிக்கு இங்கிலாந்து பிரீமியர் லீக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் என்பது வேறு கதை.

அன்றைக்குத் தேட ஆரம்பித்தவன், இன்னும் நிறுத்தவில்லை.

தனி அணி எப்படி என்ற கேள்வி. ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவில், அட்லாண்டிக் கடலில் 18 தீவுகள். மக்கள்தொகை இன்றைக்குச் சுமார் 55,000. டென்மார்க் அரசின் கீழ்தான் இருக்கிறார்கள். ஆனால் 1948 முதல் உள்நாட்டு ஆட்சி அவர்கள் கையில். மொழி தனி, கொடி தனி, நாடாளுமன்றம் தனி. கால்பந்தும் நேற்று வந்ததல்ல. அங்குள்ள மிகப் பழைய கிளப் 1892இல் தொடங்கியது. சொந்த லீக் 1942 முதல் நடக்கிறது. 1988இல் ஃபிஃபா இவர்களைச் சேர்த்துக்கொண்டது, 1990இல் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ.

அந்த வருடங்களில் சேர்ந்தது பெரிய நல்ல காலம். பின்னால் ஐக்கிய நாடுகள் சபை அங்கீகரித்த நாடாக இருந்தால்தான் உறுப்பினர் என்று யூஇஎஃப்ஏ கதவைச் சாத்திவிட்டது. ஜிப்ரால்டர் வழக்குப் போட்டு, 2013இல்தான் உள்ளே வந்தது. கிரீன்லாந்தும் இவர்களைப் போலவே டென்மார்க்கின் கீழ் இருக்கிற இடம்தான். அது வட அமெரிக்கச் சங்கத்தில் இடம் கேட்டு, 2025 ஜூனில் கிடையாது என்ற பதிலோடு திரும்பியது. பரோயேக்கே ஒலிம்பிக்கில் இன்றுவரை இடமில்லை. அங்கே டென்மார்க் கொடியின் கீழ்தான் போகவேண்டும். கால்பந்தில் மட்டும் சொந்தச் சட்டை, சொந்தப் பாட்டு. அங்குள்ளவர்களுக்கு இந்த அணி ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது இதில் புரிந்துவிடும்.

சரி, முதல் ஆட்டத்துக்கு வருவோம். எல்லோரும் சொல்லும் கதைதான், ஆனாலும் அதை விட முடியாது.

1990 செப்டம்பர் 12. யூரோ 92 எனும் ஐரோப்பியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று, எதிரணி ஆஸ்திரியா. பரோயேவின் வாழ்நாளில் புள்ளிக் கணக்குள்ள முதல் ஆட்டம். அட்டவணைப்படி அவர்கள் மண்ணில் நடந்திருக்க வேண்டியது. ஆனால் பதினெட்டுத் தீவிலும் விதிக்கு உட்பட்ட புல் மைதானம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் பாறை, சரிவு, காற்று. ஆகவே ஸ்வீடனில் லாண்ட்ஸ்க்ரோனா என்ற ஊரில் மைதானம் கேட்டு வாங்கி ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர்.

ஆஸ்திரியா அந்தக் கோடையில்தான் இத்தாலியில் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்திருந்தது. இந்தப் பக்கம் ஒருவருக்கும் கால்பந்து முழுநேரத் தொழில் இல்லை. கோல் போட்ட டோர்கில் நீல்சன் கட்டடச் சாமான் விற்பவர். செஸ்ஸிலும் தீவுகளின் முன்னணி ஆட்டக்காரர். கோல்கீப்பர் யென்ஸ் மார்ட்டின் நுட்சன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். அவர் தலையில் இருந்த குல்லாதான் உலகப் புகழ் பெற்றது. வெள்ளைக் கம்பளிக் குல்லா, உச்சியில் குஞ்சம். மார்கழிக் குளிருக்கு நம் வீட்டுக் குழந்தைக்குப் போட்டுவிடுவோமே, அந்த மாதிரி. சின்ன வயதில் தலையில் பலமாக அடிபட்டவர். பாதுகாப்புக்காகப் போட ஆரம்பித்தது பழகிப்போயிற்று.

இரண்டாம் பாதியில், ஒரு மணி நேரம் கடந்த சமயம், நீல்சன் பந்தோடு நடுவில் புகுந்து, தடுக்க வந்தவர்களைத் தாண்டி அடித்தார். 1-0. மீதி அரை மணி நேரம் ஆஸ்திரியா முட்டி மோதியது, குல்லாக்காரர் விடவில்லை. ஆஸ்திரியாவின் பயிற்சியாளர் யோசஃப் ஹிக்கர்ஸ்பெர்கர் பதவி விலகினார். இரண்டு பயிற்சியாளர்களின் வேலைக்கு உலை வைத்த அணி என்று நான் நண்பர்களிடம் சொல்வதுண்டு. மூன்றாவது ஒருவரும் இருக்கிறார், கடைசியில் வருவார்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கட்டுரைகள் நின்றுவிடும். எனக்கு அதற்கப்புறம் நடந்ததுதான் பிடிக்கும். அந்தத் தகுதிச் சுற்றில் மீதி ஏழு ஆட்டங்களில் ஒன்றுகூட அவர்கள் ஜெயிக்கவில்லை. பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்தோடு 1-1 டிரா, அவ்வளவுதான். பெல்கிரேடில் யூகோஸ்லாவியா 7-0 என்று போட்டு எடுத்தது. எட்டு ஆட்டங்களில் அடித்தது 3 கோல், வாங்கியது 26. அதே பிரிவில் இரண்டாவதாக முடித்த டென்மார்க், போரினால் யூகோஸ்லாவியா விலக்கப்பட்டதால் அந்த இடத்தில் கடைசி நேரத்தில் நுழைந்து, 1992இல் ஐரோப்பியக் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது.

அந்த டென்மார்க்கின் கேப்டன் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: லார்ஸ் ஓல்சன்.

ஸ்வீடனில் 'சொந்த மண்' ஆட்டம் ஆடியது அவர்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். டாஃப்டிர் என்ற மீன்பிடி ஊரில், ஊருக்கு மேலே குன்றைக் குடைந்து புல் மைதானம் போட்டார்கள். அந்த ஊரில் வசிப்பவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு, மைதானமோ ஆயிரக்கணக்கானவர்களுக்கு. படங்களில் பார்த்தால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே கடல். காற்றடித்தால் கோல் கிக் திரும்பி வந்துவிடுமோ என்று பயம் வரும். 1999இல் தலைநகர் டோர்ஸ்ஹவனில் இன்னொரு மைதானம் வந்தது. பின்னாளில் அதிலும் செயற்கைப் புல் போட்டார்கள். மழையும் ஈரமும் விடாத ஊரில் செயற்கைப் புல் இருந்தால்தான் குழந்தைகள் வருடம் முழுக்க ஆட முடியும். கோல்களைப் பற்றி எழுதுகிற யாரும் தரையைப் பற்றி எழுதுவதில்லை. என் கணிப்பில் இந்த அணி மாறியதற்கு முதல் காரணம் தரைதான்.

அடுத்தது வெளியிலிருந்து கூட்டிவந்த பயிற்சியாளர்கள். 1994இல் டென்மார்க்கின் ஆலன் சிமன்சன் வந்தார். 1977இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து வாங்கியவர், ஏழு வருடம் இவர்களோடு இருந்தார். சான் மரினோவையும் மால்டாவையும் அவர் காலத்தில் வீட்டிலும் வெளியிலும் ஜெயித்தார்கள். சின்ன அணிகள்தானே என்று தோன்றும். தன்னைப் போன்ற அணியை ஜெயிப்பதுதான் கஷ்டம். பெரிய அணியோடு ஆடும்போது பின்னால் கூட்டமாக நின்று தடுத்தால் போதும். மால்டாவோடு ஆடும்போது நீங்கள்தான் பந்தை எடுத்துப்போய் ஏதாவது செய்தாக வேண்டும்.

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் டாஃப்டிர் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். 1999இல் அங்கே கடைசி நிமிடத்தில் ஹான்ஸ் ஃப்ரோதி ஹான்சன் தலையால் முட்டி 1-1 ஆக்கினார். 2002இல் பள்ளி ஆசிரியரான ஜான் பீட்டர்சன் முதல் 13 நிமிடத்துக்குள் இரண்டு கோல் போட்டுவிட்டார். ஸ்காட்லாந்து தட்டுத்தடுமாறி 2-2 செய்தது. 2003இல் ஜெர்மனி வந்தபோது 88 நிமிடம் வரை 0-0. அப்புறம் கடைசி நிமிடங்களில் குளோசேயும் போபிச்சும் ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டார்கள். 2010இல் எஸ்தோனியாவில் நடந்தது இன்னும் கொடுமை: 90 நிமிடம் முடியும்வரை 1-0 முன்னிலை, கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் வாங்கித் தோல்வி. அடுத்த வருடம் டாஃப்டிரில் அதே எஸ்தோனியாவை 2-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டும் பெனால்டி, முதலாவதை அடித்தவர் ஃப்ரோதி பெஞ்சமின்சன், இரண்டாவதை ஆர்ன்ப்யோர்ன் ஹான்சன்.

அந்தப் பெஞ்சமின்சன் தொழிலால் தச்சர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள், கேப்டன் பதவி. பழைய தலைமுறையின் கடைசிப் பெரிய ஆள் அவர்தான் என்பேன். ரோக்வி யாகப்சன் நாட்டுக்காக 10 கோல் அடித்தவர்; 2007இல், அப்போதைய உலக சாம்பியன் இத்தாலிக்கு எதிராகவும் ஒன்று. 2-1 என்று இத்தாலி தப்பித்தது. அடுத்த தலைமுறை ஊரை விட்டு வெளியே போனது. கோல்கீப்பர் குன்னர் நீல்சன், மான்செஸ்டர் சிட்டிக்காக 2010இல் மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். பிரீமியர் லீக்கில் ஆடிய முதல் பரோயேக்காரர். என் தூக்கத்தைக் கெடுத்த எட்மண்ட்சன் ஜெர்மனிக்குப் போய், 2020இல் பீலஃபெல்ட் அணிக்காக அந்நாட்டின் முதல்நிலை லீக்கான பண்டஸ்லிகாவில் கோல் போட்டார்.

கிரீஸ் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? 1992இல் கோப்பை தூக்கிய அதே லார்ஸ் ஓல்சன். 2015 ஜூனில் கிரீஸ் டோர்ஸ்ஹவனுக்கு வந்தபோது மறுபடியும் 2-1 என்று ஜெயித்தார்கள். முதல் தடவை நடந்ததைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். அதே அணியை ஏழு மாதத்தில் இரண்டு தடவை ஜெயித்தால் என்ன சொல்வது? 2016இல் தரவரிசையில் 74 வரை ஏறினார்கள். 2022 செப்டம்பரில் துருக்கிக்கும் ஒரு 2-1.

கிளப் பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் கிளாக்ஸ்விக் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2023இல் கேஐ கிளாக்ஸ்விக், ஐரோப்பியக் கிளப்களின் முதன்மைப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச் சுற்றில் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷை அதன் மைதானத்திலேயே 3-0 என்று வீழ்த்தியது. அந்தப் பயணம் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் பிரிவு ஆட்டங்கள்வரை போனது. பரோயே கிளப் ஒன்றுக்கு அது முதல் தடவை.

அடுத்து 2025. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் குரோஷியா, செக் குடியரசு, மாண்டினீக்ரோ, ஜிப்ரால்டரோடு ஒரே பிரிவு. பயிற்சியாளர் எய்துன் கிளாக்ஸ்டைன், உள்ளூர்க்காரர். அக்டோபர் 9 அன்று மாண்டினீக்ரோவை 4-0. மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை இரவு, செக் ஆட்டம். போனைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "யாருங்க இது பரோயே? எகிப்து ராஜாவா?" என்றாள். 67வது நிமிடத்தில் ஹானுஸ் சோரன்சன் கோல். செக் திருப்பியது. 81இல் மார்ட்டின் அக்னார்சன். 2-1. நான் கத்திய கத்தில் சாம்பார் கிண்ணம் சாய்ந்தது. செக் பயிற்சியாளர் இவான் ஹாஷெக் சில நாட்களில் நீக்கப்பட்டார். சொன்னேன் அல்லவா, மூன்றாவது ஆள்.

கடைசி ஆட்டம் நவம்பர் 14, குரோஷியாவில். நூலிழை வாய்ப்பு மிச்சம் இருந்தது. 16வது நிமிடத்தில் கேசா டேவிட் டூரி அடித்து முன்னிலை கொடுத்தார். ஏழு நிமிடம் நீடித்தது அந்தச் சந்தோஷம். 3-1 என்று முடிந்து, குரோஷியா உலகக் கோப்பைக்குப் போனது. பரோயே 12 புள்ளியோடு மூன்றாவது. எட்டு ஆட்டங்களில் அடித்தது 11, வாங்கியது 9. மேலே எழுதிய 1990-91 கணக்கும் எட்டு ஆட்டம்தான். பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தத் தடவை மனைவியும் முழு ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தக் குல்லாக்காரர் இப்ப ஆடறதில்லையா?"