கல்லீரல் புரதம் ஏ.எல்.ஆர்.: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கவிதா: வெட்டினாலும் கல்லீரல் வளர்ந்துவிடும் என்கிறார்களே, அதற்குக் காரணம் இந்த ஏ.எல்.ஆர். என்ற ஒரே புரதம்தானா?

இல்லைங்க. ஏ.எல்.ஆர். என்பது 'கல்லீரல் மறுவளர்ச்சியைக் கூட்டுவது' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டாலும் பத்து நாளுக்குள் ஏறக்குறைய பழைய எடைக்கு வந்துவிடும். ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் 1931-லேயே இந்தச் சோதனையை விவரித்துவிட்டார்கள். ஆனால் வெட்டிய மடல் திரும்ப முளைப்பதில்லை, மிச்சமிருக்கும் மடல்கள்தான் பருக்கின்றன. இதில் எச்.ஜி.எஃப்., இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணிகள், இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம் என்று பல கைகள் உண்டு. ஏ.எல்.ஆர். அவற்றுக்குத் துணை. சும்மா இருக்கும் கல்லீரலை அது கிளப்பிவிடாது, ஏற்கெனவே தொடங்கிய வளர்ச்சியைத்தான் கூட்டும்.

சலீம்: இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1975-இல் லாப்ரெக், பெஷ் என்ற இருவர், எலிக் கல்லீரலிலிருந்து எடுத்த சாறு வெட்டுப்பட்ட கல்லீரலில் செல் பிரிவதைத் தூண்டுவதைக் காட்டினார்கள். சாற்றில் எது வேலை செய்கிறது என்று பிரித்தெடுத்து, மரபணுவைப் படியெடுக்க 1994 ஆகிவிட்டது. வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தால், ஈஸ்ட்டில் 1992-இல் அறிவிக்கப்பட்ட எர்வ்1 என்ற மரபணுவோடு நன்றாகவே பொருந்துகிறது! ஈஸ்ட்டுக்குக் கல்லீரல் ஏது? அந்த மரபணு இல்லாவிட்டால் ஈஸ்ட் செல்லின் சுவாசம் கெடும், செல்லே பிழைக்காது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

முத்துக்குமார்: அப்படியானால் அதன் உண்மையான வேலை என்ன? நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லும்படி விளக்குங்கள் சார்.

செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அவற்றுக்கு இடையில் வேலை செய்யும் பல சிறிய புரதங்கள் வெளியே சைட்டோபிளாசத்தில் தயாராகி, மடியாத இழையாகத்தான் உள்ளே நுழைகின்றன. மியா40 என்ற புரதம் அவற்றைப் பிடித்து, சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இரண்டுக்கு நடுவே டைசல்ஃபைடு என்ற கந்தகப் பிணைப்பு போடுகிறது. மடித்த சேலைக்கு ஊக்குக் குத்துவது மாதிரி. பிணைப்பு போட்டதும் மியா40-இன் கையில் எலெக்ட்ரான்கள் சேர்ந்துவிடும். அவற்றை வாங்கி, தன்னிடமுள்ள எஃப்.ஏ.டி. என்ற துணை மூலக்கூறு வழியாக சைட்டோகுரோம் சி என்ற எலெக்ட்ரான் கடத்தும் புரதத்துக்குக் கொடுப்பது ஏ.எல்.ஆர். அதன் பிறகுதான் மியா40 அடுத்த புரதத்தைப் பிடிக்க முடியும். ஏ.எல்.ஆர். நின்றுபோனால் இந்த வரிசை முழுவதும் நின்றுபோகும்.

ரேவதி: செல்லுக்கு வெளியே வளர்ச்சிக் காரணியாகவும் வேலை செய்கிறது என்று படித்தேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பது எப்படி வெளியே வரும்?

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. நீளமானதில் 205 அமினோ அமிலங்கள், அதுதான் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகிறது. குட்டையானதில் 125 மட்டும், முன்பக்கத்து 80 கிடையாது. மியா40-இலிருந்து எலெக்ட்ரான் வாங்கும் சிஸ்டீன் ஜோடி அந்த 80-க்குள்தான் இருக்கிறது. அதனால் குட்டை வடிவத்தால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியாது. அது சைட்டோபிளாசத்தில் இருக்கும், வெளியேயும் சுரக்கப்படும். கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் ஒட்டி உள்ளே வளர்ச்சிச் சமிக்ஞைகளைக் கிளப்பும். முதலில் கண்ணில் பட்டது இந்த முகம்தான். ஆனாலும் மைட்டோகாண்ட்ரியா வேலைதான் அடிப்படை என்பது என் கருத்து. ஈஸ்ட் முதல் மனிதர் வரை மாறாமல் வந்திருப்பது அதுவே.

ஜோசப்: கருவளர்ச்சிக்கு இது தேவையா?

கட்டாயம் தேவை. இந்த மரபணுவை முழுதாக நீக்கிய எலிக்கரு பிழைப்பதில்லை. கருக் குருத்தணுக்களில் (ஸ்டெம் செல்களில்) இதன் அளவைக் குறைத்தால் மைட்டோகாண்ட்ரியாவைப் பிளக்கும் டி.ஆர்.பி.1 என்ற புரதம் கூடி, மைட்டோகாண்ட்ரியா துண்டுதுண்டாகி, எந்த வகைச் செல்லாகவும் மாறும் திறனையும் அவை இழக்கின்றன. கல்லீரலில் மட்டும் நீக்கிய எலிகள் பிறந்து வளரும். ஆனால் சில வாரங்களிலேயே கல்லீரலில் கொழுப்பு சேரும், ஓராண்டு வாக்கில் பலவற்றுக்குக் கல்லீரல் புற்றுநோய் வந்துவிடும். வளர்ச்சியைத் தூண்டும் புரதம் இல்லாமல் போனதால் புற்றுநோய் வருகிறது என்பது முதலில் முரணாகத் தோன்றும். சக்தி குறைந்து, செல்கள் செத்துச் செத்துப் புதிதாகப் பிரிய வேண்டியிருந்தால் பிழைகள் சேரத்தானே செய்யும்?

பாத்திமா: மனிதர்களில் இந்த மரபணு கெட்டுப்போனால் கல்லீரல் நோய் வருமா?

மனிதரில் மரபணுவின் பெயர் ஜி.எஃப்.இ.ஆர். 2009-இல் வெளியான ஆய்வில் ஒரே குடும்பத்தின் பிள்ளைகளிடம் இந்தப் புரதத்தின் 194-ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்திருந்தது. அவர்களுக்கு இருந்தவை பிறவிக் கண்புரை, தசைத் தளர்ச்சி, காது கேளாமை, வளர்ச்சித் தாமதம். கல்லீரல் முன்னணியில் இல்லவே இல்லை. சக்தி அதிகம் கேட்கும் திசுக்கள்தான் முதலில் அடி வாங்குகின்றன.

தினேஷ்: இதை மாத்திரையாகச் சாப்பிட்டால் கல்லீரல் பலப்படுமா?

புரதத்தை விழுங்கினால் வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். காசை மிச்சப்படுத்துங்கள்.

செல்வி: தாவரங்களில் உண்டா?

உண்டு. ஆனால் எலெக்ட்ரான் வாங்கும் சிஸ்டீன் ஜோடி தாவரப் புரதத்தில் முன்முனையில் இல்லை, பின்முனையில் இருக்கிறது. வேக்சினியா போன்ற பாக்ஸ் வைரஸ்கள்கூட (பெரியம்மை வைரஸின் இனம்) இந்தக் குடும்பத்துப் புரதம் ஒன்றை வைத்திருக்கின்றன. சைட்டோபிளாசத்திலேயே தங்கள் புரதங்களுக்கு டைசல்ஃபைடு பிணைப்பு போட்டுக்கொள்ள அவற்றுக்கு அது வேண்டும்.