டென்னசி பயணம்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நான்கு நாள் விடுமுறையில் டென்னசி முழுவதையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். கிழக்கே மலை, நடுவே நாஷ்வில்லைச் சூழ்ந்த மேட்டுநிலம், மேற்கே மிசிசிப்பி ஆற்றங்கரைச் சமவெளி என மாநிலம் நீண்டு கிடக்கிறது. மாநிலக் கொடியிலுள்ள மூன்று நட்சத்திரங்களும் இப்பகுதிகளையே குறிக்கின்றன. ஏதேனும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அங்கேயே தங்குங்கள்.

கேள்வி: மலைக்கு எந்த மாதம் ஏற்றது?

பதில்: கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு எல்லோரும் அக்டோபரில் இலை நிறம் மாறுவதைக் காணச் செல்வார்கள். நான் மே இறுதியையும் ஜூன் முற்பகுதியையும் சொல்வேன். அப்போது எல்க்மான்ட் காட்டில் ஆண் மின்மினிகள் ஒருசேரச் சில முறை மின்னி, ஒருசேர அணைந்துவிடும். சில நொடிகள் காடே இருண்டு, பிறகு மறுபடியும் ஒளிரும். அந்த நாட்களில் வாகன அனுமதி குலுக்கல் முறையில்தான் கிடைக்கும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கைவிளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி, தரையை நோக்கியே பிடியுங்கள்; வெள்ளை வெளிச்சம் பட்டால் பூச்சிகளின் இணைதேடல் குலைந்துபோகும்.

பகலில் குவோஹி சிகரத்துக்குச் செல்லுங்கள். 6,643 அடி உயரமுள்ள இதற்கு, செரோக்கி மக்கள் வழங்கிய இப்பழைய பெயர் 2024இல்தான் மீண்டும் சூட்டப்பட்டது. அது எனக்குப் பெருமகிழ்ச்சி. கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் தேவை.

கேள்வி: கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்கு நுழைவுக் கட்டணம் எவ்வளவு?

பதில்: நுழைவு இலவசம். 15 நிமிடங்களுக்கு மேல் வண்டியை நிறுத்தினால் மட்டும் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: மெம்ஃபிஸில் எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்ட் மாளிகை போதுமா?

பதில்: லொரைன் விடுதியைப் பாராமல் திரும்பாதீர்கள். வேலைநிறுத்தம் செய்த துப்புரவுத் தொழிலாளர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், 1968 ஏப்ரல் 4 அன்று அங்கே 306ஆம் அறையின் வாசலில் சுடப்பட்டார். 1991 முதல் அது குடிமை உரிமைகள் அருங்காட்சியகமாக இருக்கிறது. மாடியின் கம்பித் தடுப்பில் மலர் வளையம் தொங்குவதைக் கீழே நின்று பார்த்தபோது எனக்குப் பேச்சு எழவில்லை.

கேள்வி: கூட்டமில்லாத இடம் ஏதேனும் உண்டா?

பதில்: வடமேற்கு மூலையில் ரீல்ஃபுட் ஏரி. 1811-12 குளிர்காலத்து நிலநடுக்கங்களில் நிலம் தாழ்ந்து, நீர் புகுந்து உண்டானது. இன்றும் சைப்ரஸ் மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் அங்கே வந்து தங்கும்.