பைபிள் வாசிக்கும்போது சந்தேகம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. சந்தேகப்பட்டவர்களை வேதாகமம் மறைக்கவே இல்லை. உயிர்த்தெழுந்த இயேசுவைச் சீஷர்கள் கண்டு பணிந்துகொண்டபோதும் 'சிலரோ சந்தேகப்பட்டார்கள்' என்கிறது மத்தேயு 28:17. அப்படியிருந்தும் உலகமெங்கும் போகச் சொல்லி அவர்களைத்தான் அனுப்பினார்.

எனக்கு மிகவும் பிடித்தது மாற்கு 9. நோயுற்ற மகனோடு ஒரு தகப்பன் வருகிறார். சீஷர்களால் குணமாக்க முடியவில்லை. நொந்துபோய், 'உம்மால் ஏதாவது கூடுமானால்' என்று கேட்கிறார். அப்புறம் கண்ணீரோடு, 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்கிறார். இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று இயேசு சொல்லவில்லை, பையனைக் குணமாக்கினார். அந்த அரைகுறை ஜெபமே போதுமானதாக இருந்தது!

சந்தேகப்பட்டவர் என்றே நாம் நினைவில் வைத்திருக்கும் சீஷர் தோமாவையும் அநியாயமாக நடத்துகிறோம். 'அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்' என்று யோவான் 11-ல் சொன்னவர் அவர்தான். 20ஆம் அதிகாரத்தில், இயேசு உயிர்த்தெழுந்ததை நம்ப முடியாமல் தவித்த அந்த எட்டு நாளும் மற்றவர்களை விட்டு அவர் ஓடிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, சந்தேகப்படாமல் கேட்கச் சொல்லும் யாக்கோபு 1:6? அங்கே அவர் கண்டிப்பது இருமனமுள்ளவனை. கேள்வியோடு கடவுளிடமே வருகிறவரை அல்ல என்றே நான் வாசிக்கிறேன். மனம் கலங்கும் நாட்களில் 88ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். ஆறுதலான முடிவு எதுவும் அதில் இல்லை, ஆனாலும் அது முழுக்க ஜெபம்தான்.